காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தால்

உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டாள். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். பட்டியல் வந்தது. சேர்க்கைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. எண் 14.

"இடம் இல்லை. இனி வீட்டோடு இருக்கட்டும்" என்று சிலர் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். கதவு இன்னும் மூடவில்லை.

இடம் எப்படிக் காலியாகும்?

ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் வாங்கியிருப்பீர்கள். முன்னால் உள்ளவர் ரத்து செய்தால் நம் எண் முன்னுக்கு வரும். கல்லூரியிலும் அப்படித்தான். ஒரு மாணவர் நாலைந்து கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார். ஒன்றில்தான் சேர முடியும். மற்ற இடங்கள் காலியாகும். பொறியியல், மருத்துவக் கலந்தாய்வு நடந்ததும் இன்னும் சிலர் போய்விடுவார்கள்.

பொதுப் பிரிவு, ஓபிசி, எஸ்சி, எஸ்டி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் இடங்கள் தனியாக உண்டு. உங்கள் மகள் எந்தப் பிரிவில் எத்தனையாவது என்று பாருங்கள். போன ஆண்டு எந்த எண் வரை அழைத்தார்கள் என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. ஆனால் அழைப்பு வரும்போது தயாராக இருக்கலாம். அழைத்தால் சில நாள்தான் தருவார்கள். அதற்குள் போகாவிட்டால் அடுத்தவரை அழைப்பார்கள்.

1. போன் எண்ணைப் பாருங்கள். கணினி மையத்தில் விண்ணப்பம் போடும்போது சிலர் கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். தகவல் அவருக்குப் போகும். உங்களுக்கு வராது. உங்கள் எண்தான் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

2. சான்றிதழ்களை இப்போதே சேருங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், புகைப்படம் எல்லாம் வேண்டும். மத்திய அரசுக் கல்வி நிறுவனத்தில் ஓபிசி பிரிவுக்குத் தனிப் படிவத்தில் சான்றிதழ் கேட்பார்கள். மாநிலச் சான்றிதழ் மட்டும் போதாது.

3. கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பணத்தைத் தயார் செய்யுங்கள்.

4. வேறு இடம் கிடைத்தால் விடாதீர்கள். அதில் சேர்ந்துகொண்டு காத்திருங்கள். "கட்டிய பணம் போய்விடுமே" என்று பயமா? பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் இதற்கு விதி வெளியிட்டது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், கட்டணத்தில் 5 சதவீதம் வரைதான் பிடிக்கலாம். அதுவும் 5000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மீதியைத் திருப்பித் தர வேண்டும். தாமதமானால் கிடைக்கும் தொகை குறையும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. நகல்களை மட்டும் கொடுங்கள். பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

டில்லிப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனி வழி உண்டு. அங்கே 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வைத்து, கணினி வழியே பல சுற்றுகளில் இடம் தருகிறார்கள். முதல் சுற்றில் கிடைத்த இடத்தை ஏற்றுப் பணம் கட்ட வேண்டும். பிறகு மேலான இடம் வேண்டும் என்று கணினியில் குறிக்கலாம். அது காலியானால் மாற்றித் தருவார்கள். பழைய இடம் ரத்தாகும். கிடைத்ததை ஏற்காமல் சும்மா இருந்தால் அடுத்த சுற்றில் சேர்க்க மாட்டார்கள்.

தரகரை நம்பாதீர்கள்

"பணம் கொடு, எண்ணை முன்னால் கொண்டு வருகிறேன்" என்று ஒருவர் வரலாம். நம்பாதீர்கள். வரிசை மதிப்பெண்படி வருவது. பணத்தை வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார். சந்தேகம் இருந்தால் நேரே கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள்.

அடுத்த பட்டியல் எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு, வீட்டு நாட்காட்டியில் எழுதுங்கள். அன்று காலையிலேயே மகளோடு போங்கள். அறிவிப்புப் பலகையை நீங்களும் படியுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியும். அவள் பெயரைத் தேட இரண்டு ஜோடிக் கண்கள் இருக்கட்டும்.