இங்கிலாந்து நாட்டுப்புறக் குடும்பங்களின் வழிமரபைக் கண்டறிதல்

இங்கிலாந்தின் நாட்டுப்புறக் குடும்பங்களின் வழிமரபை அறியத் தேவாலயப் பங்குப் பதிவேடுகள் முதன்மைச் சான்றுகளாகும். 1538 ஆம் ஆண்டு ஆணையின்படி ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவை பதிவு செய்யப்பட்டன. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் குடிசார் பதிவு 1837 சூலை 1 அன்று தொடங்கியது.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டிலுள்ளோர் பெயர்கள் உள்ளன. ஆனால் 15 வயதைக் கடந்தோரின் வயது பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. 34 வயதினர் 30 என்றே பதிவாகியிருப்பார். 1851 இல் உறவுமுறையும் பிறந்த ஊரும் சேர்க்கப்பட்டன.

அடுத்த கணக்கெடுப்பில் ஒரு குடும்பமே காணப்படாவிட்டால், அது புலம்பெயர்ந்திருக்கக்கூடும். வேளாண் கூலிகள் பலர் வறுமையால் கடல் கடந்தனர். சசெக்சு மாவட்டத்தின் பெட்வொர்த் திட்டம் 1832–1837 காலத்தில் ஏறத்தாழ 1,800 பேரை மேல் கனடாவுக்கு அனுப்பியது. பிரித்தானியாவிலிருந்து புறப்பட்ட தொலைதூரக் கப்பல்களின் பயணிகள் பட்டியல்கள் 1890 முதலே தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. முந்தைய பயணங்களுக்குப் பங்கின் ஏழையர் உதவிக் கணக்குகள், குடியேறியோர் கடிதங்கள், குடியேறிய நாட்டின் பதிவுகள் ஆகியவை துணைபுரிகின்றன.

ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் பலர் வாழ்ந்தனர். எனவே பெயர்ப் பொருத்தம் மட்டும் சான்றாகாது. மனைவியின் பெயர், பிள்ளைகளின் வரிசை, பிறந்த ஊர் ஆகியவையும் ஒத்திருக்க வேண்டும். ஒருவரைத் தவறாக இணைத்தால், அவருக்குப் பிந்தைய கிளை முழுவதும் வேறொரு குடும்பத்தின் வரலாறாகிவிடும்.