கணக்கில் விழுந்த காசு யாருடையது?

கப்பல்துறையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு தாயார் தமது வங்கிப் புத்தகத்தை எங்களிடம் நீட்டினார். "பிள்ளையள், இதிலை 45,000 ரூபா விழுந்திருக்கு. ஆர் போட்டதெண்டு தெரியேல்லை. எடுக்கலாமே?" என்று கேட்டார். உழவு மெசினுக்குக் கூலி கொடுக்கவேண்டிய கிழமை அது. அந்தக் கேள்வியின் பாரம் எங்களுக்கும் விளங்கியது.

எதிர்பாராமல் வந்த காசெல்லாம் பிழையாக வந்த காசு அல்ல. இடத்துக்கிடம் பெயர்ந்து, பதிவுகள் பலமுறை மாறிய எங்கள் குடும்பங்கள் இதை முதலில் மனதில் வைக்கவேண்டும். பசளை மானியம், அஸ்வெசும நிலுவை, வீட்டுத்திட்டத் தவணை, வெளிநாட்டிலுள்ள மகன் சொல்லாமல் அனுப்பியது என்று எதுவாகவும் அது இருக்கலாம். பயத்தில் "எனக்கு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கோ" என்று கையெழுத்து வைத்து, உரித்தான காசை இழந்துவிடவும் கூடாது. எங்கிருந்து வந்தது என்று வங்கியிடம் கேளுங்கள். மானியமாக இருக்கலாம் என்று தோன்றினால் கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள்.

பிழை எப்படி நேர்கிறது? காசு அனுப்பும்போது இயந்திரம் பெரும்பாலும் பார்ப்பது கணக்கு இலக்கத்தையே. ஓர் இலக்கம் மாறினால் காசு வேறொருவர் வீட்டுக்குப் போய்விடும். ஒரே பெயருடையவர்கள் இரண்டு மூன்று பேர் உள்ள கிராமங்களில் பட்டியல் தயாரிக்கும்போதே ஆள் மாறிவிடலாம். அடையாள அட்டை இலக்கமும் பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம் என்று இரண்டு விதமாக இருக்கிறது.

வங்கிகளே பெரும் பிழை விடுவதும் உண்டு. 2023 செப்ரெம்பரில் சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஓர் இளைஞரின் கணக்கில் 9,000 கோடி இந்திய ரூபாய் வந்து சேர்ந்தது. வங்கி, அக்கரைத் தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. வந்த செய்தியை ஏமாற்று என்று நினைத்த அவர், உண்மையா என்று பார்க்க ஒரு நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது! சிறிது நேரத்தில் மிகுதியை வங்கி திருப்பி எடுத்துக்கொண்டது. பின்னர் வங்கியும் அவரும் பேசி இணக்கத்துக்கு வந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. பீகாரின் ககாரியா மாவட்டத்தில் ஒருவருக்கு 2021இல் கிராமிய வங்கியொன்றிலிருந்து ஐந்தரை இலட்சம் ரூபாய் தவறுதலாக வந்தது. அது பிரதமர் வாக்களித்த பணத்தின் முதல் தவணை என்று தாம் நம்பிச் செலவழித்துவிட்டதாகச் சொல்லி, வங்கி பலமுறை கேட்டும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. பொலிஸார் அவரைக் கைது செய்தார்கள். வறியவர், உண்மையிலேயே நம்பியிருக்கவும் கூடும். ஆனால் கேட்ட பின்னும் கொடுக்காததுதான் அவரைச் சிக்கவைத்தது.

எங்கள் நாட்டிலும் தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவின்படி, பிறருடைய ஆதனத்தை நேர்மையீனமாகத் தமதாக்கிக்கொள்வது குற்றம். காசு வந்து விழுந்தது உங்கள் குற்றமல்ல. உங்களுடையதல்ல என்று அறிந்தும் அதை எடுத்துச் செலவழிப்பதே குற்றம். தவறுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை உரோம-ஒல்லாந்தச் சட்டத்திலும் உண்டு.

ஆகவே காசைத் தொடாமல், புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்கே நேரில் போங்கள். வாயால் சொல்வதோடு நில்லாமல் திகதியிட்ட கடிதமொன்றைக் கொடுத்து, அதன் பிரதியில் வங்கி முத்திரை வாங்குங்கள். பயிர்க்கடன் தவணை தானாக வெட்டப்படும் கணக்கானால் அதையும் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பிறருடைய காசு உங்கள் கடனுக்குப் போய்விடும். ஏ.ரி.எம். அட்டையை கடைக்காரரிடம் ஈடாகக் கொடுத்திருப்பவர்கள் உடனே மீட்கவேண்டும். அவர் எடுத்தாலும் கேள்வி உங்களிடமே வரும்.

"தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன், இந்த இலக்கத்துக்குத் திருப்பிப் போடுங்கோ" என்று தொலைபேசியில் யாராவது அழுதாலும் போடாதீர்கள். அது களவெடுத்த காசாக இருக்கலாம். அவர் சொல்லும் கணக்குக்குப் போட்டபின் உண்மையான சொந்தக்காரரும் வந்து கேட்பார். திருப்புவதை வங்கியே செய்யட்டும். இரகசிய இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லவேண்டாம்.

தெரியாமல் செலவழித்துவிட்டீர்களா? ஒளிக்காதீர்கள். முகாமையாளரைச் சந்தித்து, சிறு தவணைகளாகக் கட்டுவதற்கு எழுத்தில் இணக்கம் கேளுங்கள். வங்கி செவிசாய்க்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

பஸ்ஸில் கண்ட தாயார் திங்கட்கிழமை வங்கிக்குப் போனார். மத்தியானம் வரை காத்திருக்க வைத்தார்களாம். காசு அதே பெயருடைய வேறொரு பெண்ணுடையது. உடனே கழித்துவிட்டார்கள். கடிதம் கேட்டபோது "அதெல்லாம் தேவையில்லை அம்மா" என்றாராம் அலுவலர். இவர் எழும்பவில்லை. எழுதித் தரும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தாராம். இப்போது அந்தக் கடிதம் அவருடைய காணிப் பத்திரத்தோடு ஒரே பையில் இருக்கிறது.