ஒளியால் அளந்த கிணறு

உங்கள் சட்டைப்பையில் ஊதா நிற நூறு ரூபாய் நோட்டு ஒன்று இருக்குமானால் அதைத் திருப்பிப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு வெளிவந்த அந்த நோட்டில் அச்சாகியிருப்பது, நாம் பிழைக்க வந்த இந்தக் குஜராத்திலுள்ள பாட்டண் நகரத்து ராணி கீ வாவ், அதாவது அரசியின் படிக்கிணறு.

சென்ற தீபாவளி விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே சென்றிருந்தேன். சோலங்கி மன்னன் முதலாம் பீமதேவனின் அரசி உதயமதி பதினோராம் நூற்றாண்டில் எடுப்பித்தது என்பர். சுமார் 64 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 27 மீட்டர் ஆழம். ஏழு தளங்களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பெருஞ்சிற்பங்கள். சரஸ்வதி நதியின் வெள்ளம் கொணர்ந்த மண்ணில் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்து, சென்ற நூற்றாண்டில் தோண்டி எடுக்கப்பட்டது. மூடிய மண்ணே காவலாகவும் இருந்தது போலும். சிற்பங்களின் நகைகள்கூட மழுங்கவில்லை.

இந்தக் கிணற்றை 2011ஆம் ஆண்டில், நமது தொல்லியல் துறையின் துணையோடு ஸ்காட்லாந்து நாட்டுக் குழு ஒன்று அளந்தது. அளவுகோல் ஒளி! பார்சல்களின் நீளம், அகலம், உயரம் அளந்து எழுதுவதே என் உத்தியோகம். ஆதலால் இச்செய்தி என்னை விட்டபாடில்லை. முக்காலியின்மேல் நிற்கும் கருவி லேசர் கதிரைச் சுவரின்மீது வீசுகிறது. கதிர் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்காகிறது. இவ்வாறு ஒரு நொடிக்குள் பல்லாயிரம் புள்ளிகள். ஓரிடத்தில் நின்றால் தூண் மறைக்குமாதலால், கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பின்னர் கணினியில் யாவற்றையும் பொருத்துகிறார்கள். சில மில்லிமீட்டர் பிழைக்குள், கிணறு முழுவதும் புள்ளிகளாலேயே உருவாகி நிற்கிறது. சில ஆண்டு கழித்து மீண்டும் அளந்தால், எந்தத் தூண் சாய்ந்தது, எந்த விரிசல் வளர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

நமது அகமதாபாத்தில் ராஜபீபி பள்ளிவாசலின் ஆடும் ஸ்தூபி ஒன்றை, ஆடும் இரகசியத்தை அறிய ஆங்கிலேயர் பிரித்துப் பார்த்தார்களாம். திரும்பக் கட்டத் தெரியவில்லை என்று சொல்லுவர். ஒளியோ ஒரு செங்கல்லையும் அசைப்பதில்லை.

கையோடு எடுத்துச் செல்லத்தக்க இத்தகைய கருவியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், ஈராக்கின் மோசுல் நகரில் பிறந்த பென் காசிரா. பாமியான் புத்தர் சிலைகள் 2001இல் தகர்க்கப்பட்டதைக் கண்டு வருந்தி, 2003இல் சைஆர்க் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பாட்டண் பணியிலும் அதற்குப் பங்குண்டு. உகாண்டா நாட்டில் காசுபி என்னுமிடத்து அரச சமாதிகளை 2009இல் ஒளியால் அளந்து வைத்தார்கள். 2010 மார்ச் மாதம் அங்குள்ள பெருங்கூரை மாளிகை தீக்கிரையாயிற்று. அளவுகள் மட்டும் எஞ்சின. அதற்காகப் படிவம் இருக்கிறதே, பழையதை இடித்தால் என்ன என்று எவரேனும் கேட்பாராகில், அவரோடு நான் சண்டையிடுவேன்.

அரசியின் கிணற்றுக்கு அளக்க ஆள் வந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கும்பகோணத்துக்கருகே கிராமத்திலிருந்த பூர்வீக வீட்டை 2016இல் விற்றோம். மறு வருஷம் இடித்துவிட்டார்கள். திண்ணையில் தூண்கள் ஆறு என்கிறார் என் தாயார். நான்கு என்று சாதிக்கிறார் சித்தப்பா. தீர்ப்பதற்கு ஒரு கல்யாணப் படம்தான் உண்டு. அதில் மணமக்களுக்குப் பின்னால் ஒன்றரைத் தூண் தெரிகிறது.

லேசர் கருவி நமக்கு எட்டாது. ஆனால் கைப்பேசிப் படங்களிலிருந்தே கட்டடத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணினி கட்டித் தரும். மெஷ்ரூம் என்னும் இலவச மென்பொருள் அதற்கென்றே உள்ளது. கணினி மட்டும் சற்று வலுவானதாயிருக்க வேண்டும். வீட்டைச் சுற்றி நடந்துகொண்டே நூற்றுக்கணக்கில் படமெடுக்க வேண்டும். ஒரு படத்தில் விழுந்ததில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் விழுதல் அவசியம். மேகமூட்டமான பகல் நல்லது. வெள்ளையடித்த வெறுஞ்சுவரும் கண்ணாடியும் கணினியைத் திகைக்க வைக்கும். முக்கியமாக, வாசற்கதவின் அகலத்தை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது. படங்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள். என் கைப்பேசி ஒருமுறை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து போனது.

எங்கள் பெரியப்பாவின் வீடு இன்னும் நிற்கிறது. ஓடுகள் சரிந்துவிட்டன, வாங்குவதற்கு ஆள் வந்து பார்த்துப் போயிருக்கிறதாம். வரும் பொங்கலுக்கு அளவு நாடாவுடன் புறப்படுகிறேன். தாயாரையும் அழைத்துச் செல்கிறேன். ரேழியில் எந்த மூலையில் நெற்குதிர் இருந்தது, எந்த அறையில் யார் பிறந்தார்கள் என்பதைச் சொல்ல அவர் வேண்டும்.