சாக்பீஸுக்குள் அரியலூர்

பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் இருக்கிறதே, அதன் பெயருக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தால் எங்கே போய் வெளியே வருவோம் தெரியுமா? பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்து ஓடைச் சரிவில்! வாருங்கள், சத்தம் போடாமல் உள்ளே போவோம்.

ஐரோப்பிய மொழிகளில் இந்த வெள்ளைப் பொருளுக்கு மூன்று பெரிய சொல் குடும்பங்கள் உண்டு. முதலாவதன் மூத்தவள் லத்தீன் 'கிரீட்டா'. வெண்களிமண், சுண்ணமண் என்று பொருள். ஜெர்மனில் 'கிரைட', டச்சில் 'கிரெய்ட்', ஸ்வீடிஷில் 'கிரீத்தா', பிரெஞ்சில் 'கிரே'. நம் வீட்டுப் பிள்ளைகள் சுவரில் கிறுக்கும் கிரேயான் இருக்கிறதே, அது இந்தக் 'கிரே' பெற்ற பிள்ளை! கிரீட் தீவு மண் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று முன்பு நம்பினார்கள். சொல்லாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை.

1822இல் பெல்ஜியப் புவியியலாளர் ஒமாலியுஸ் தலுவா, பாரிஸைச் சுற்றிக் கிடந்த வெண்சுண்ணப் பாறைக்கு இந்தக் 'கிரீட்டா' வேரிலிருந்தே பெயர் வைத்தார். கிரெட்டேசியஸ் யுகம் என்ற பெயர் பிறந்தது அப்படித்தான். சரியாக 40 ஆண்டு கழித்து, 1862இல், ஹென்றி பிளான்ஃபோர்டு அன்றைய திருச்சி ஜில்லாவின் கிரெட்டேசியஸ் பாறைகளைப் பற்றி எழுதினார். அடுக்குகளுக்கு அவர் வைத்த பெயர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். இன்றுவரை உலகப் புவியியலாளர்கள் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள்!

இப்போது ஒரு ரகசியம். புவியியல் வரைபடத்தில் இந்த யுகத்தின் குறி 'சி' அல்ல, 'கே'. கேம்பிரியன், கார்பானிஃபெரஸ் என்ற வேறு யுகங்கள் 'சி'க்கு ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டதால், ஜெர்மன் 'கிரைட'வின் முதல் எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். நம் பக்கத்துப் பாறை ஊர்களைப் பாருங்கள்: காரை, கல்லங்குறிச்சி, கல்லமேடு. ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாமே 'கே'! தற்செயல்தான். ஆனாலும் எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது.

இரண்டாவது குடும்பம் 'கால்க்ஸ்', அதாவது சுண்ணாம்பு. ஆங்கில 'சாக்', ஜெர்மன் 'கால்க்', நம் எலும்புக்குள் இருக்கும் கால்சியம், மூன்றும் இதன் வழி வந்தவை. இந்தச் சுண்ணாம்பை நேரில் பார்க்கக் கல்லங்குறிச்சிக்குப் போக வேண்டும். கலியுக வரதராசப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர். அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வெட்டுமுகத்தில் தடித்த கடல் சிப்பிகள் அடுக்கடுக்காக அப்பிக் கிடக்கின்றன. வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. பாரிஸ் பக்கத்து மெத்தென்ற வெண்பாறை இங்கே இல்லை. சிப்பிதான் நம் சுண்ணாம்பு.

மூன்றாவது குடும்பம் கிரேக்க 'ஜிப்சோஸ்'. இத்தாலியில் 'ஜெஸ்ஸோ', போர்ச்சுக்கீசில் 'ஜீஸ்'. கரும்பலகையில் எழுதும் கட்டிக்கு அங்கெல்லாம் இதுதான் பெயர். உண்மையில் அவர்கள் சொல்வதுதான் சரி! நம் வகுப்பறைச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், சுண்ணாம்புக்கல் அல்ல.

அந்த ஜிப்சம்தான் காரையில் மின்னுகிறது. மழை அரித்து அரித்து வரிவரியாக்கிய செம்மஞ்சள் களிமண் மேடுகள். கால் வைத்தால் பொலபொலவென்று உதிரும். இடையிடையே ஜிப்சத் தகடுகள் வெயிலைத் திருப்பி அடிக்கும். குனிந்து பார்த்தால், துப்பாக்கி ரவை மாதிரி ஒரு கல். பெலம்னைட்! கணவாய் மீனின் தூரத்துச் சொந்தம், சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் இங்கே நீந்தியது.

இந்த மூன்று குடும்பமும் ஒன்றுகூடும் இடம் எது? அரியலூர் சிமெண்ட் மூட்டை! கிரெட்டேசியஸ் காலத்துச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிளிங்கர் ஆக்குகிறார்கள். கலவை சட்டென்று இறுகிவிடாமல் இருக்கக் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். லாரி லாரியாகப் போகிறது.

காரைக்குப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அப்படியே சாத்தனூர் கல்மரத்தையும், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: ஓடையில் கிடக்கும் பெலம்னைட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். படம் எடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.