பண்ணை வீட்டுக்குள் வந்த பல்கலைக்கழகம்

விளைந்த பொருளை வண்டியேற்றிச் சந்தைக்குக் கொண்டு போன பிறகுதான் அன்றைய விலை தெரியும் என்ற நிலை விவசாயிக்குப் புதிதல்ல. வாங்குகிறவருக்கு விலை முன்பே தெரியும், விற்கிறவருக்குத் தெரியாது. பேரத்தில் யார் கை ஓங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையை மாற்ற வானொலி எந்த அளவுக்கு உதவும் என்பதற்கு, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் வளர்த்த வானொலித் தொடரின் வரலாறு நல்ல சான்றாகும்.

பால் வளம் மிக்க மாநிலம்

விஸ்கான்சின், அமெரிக்காவின் வடக்கே ஏரிகள் நிறைந்த மாநிலம். கறவை மாடுகளும் பாலாடைக்கட்டியும் அதன் பெரும் செல்வம். மாநிலத்தின் நடுப்பகுதியில் உருளைக்கிழங்கு அதிகம் விளைகிறது. குளிர்காலத்தில் நிலமெல்லாம் பனி மூடிவிடும். பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருந்தன.

தலைநகர் மாடிசனில் உள்ள பல்கலைக்கழகம் விவசாயிகளுக்கு அருகில் நின்றது. பாலை எடை போட்டு மட்டும் பணம் கொடுத்து வந்த காலத்தில், தண்ணீர் கலந்த பாலுக்கும் நல்ல பாலுக்கும் ஒரே விலைதான். அங்கு பணியாற்றிய ஸ்டீபன் பாப்காக், பாலிலுள்ள கொழுப்பை எளிதில் அளக்கும் முறையை 1890-ல் கண்டுபிடித்தார். அதற்குக் காப்புரிமை பெற்றுப் பணம் சேர்க்க அவர் விரும்பவில்லை. கண்டறிந்தது மக்களுக்கே என்பது அங்கு வேரூன்றிய கொள்கை. மாநிலத்தின் எல்லைதான் பல்கலைக்கழகத்தின் எல்லை என்று அதைச் சொல்வார்கள். வானொலியும் இந்தக் கொள்கையில் முளைத்த பயிரே.

தந்திக் குறியில் வானிலை

அந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எர்ல் டெர்ரி, 9 எக்ஸ்எம் என்ற சோதனை நிலையத்தை நடத்தி வந்தார். ஒலிபரப்புக்குத் தேவையான வெற்றிடக் குழாய்கள் கடையில் கிடைக்கவில்லை. கண்ணாடியை ஊதி அவற்றைப் பல்கலைக்கழகத்திலேயே செய்ய வேண்டியிருந்தது.

1916-ம் ஆண்டு இறுதியில் இந்த நிலையம் தினமும் வானிலைச் செய்தியை அனுப்பத் தொடங்கியது. குரலில் அல்ல, தந்திக்குப் பயன்படும் மோர்ஸ் குறியில். விவசாயிக்கு அந்தக் குறி புரியாது. குறி படிக்கத் தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. 1917-ல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியபோது மற்ற நிலையங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. கடற்படையின் சோதனைகளுக்கு உதவியதால் 9 எக்ஸ்எம் மட்டும் தொடர்ந்து இயங்கியது.

போருக்குப் பின் குறி போய்க் குரல் வந்தது. 1921-ல் வானிலையும் சந்தை நிலவரமும் மனிதக் குரலிலேயே ஒலித்தன. கருவி வைத்திருந்த எந்த விவசாயியும் இனிப் பிறர் உதவியின்றிக் கேட்கலாம். 1922 ஜனவரியில் நிலையம் டபிள்யூ.எச்.ஏ. என்ற புதிய பெயரில் உரிமம் பெற்றது. நாட்டின் மிகப் பழைய வானொலி எது என்பதில் இன்றும் வாதம் உண்டு. விவசாயிக்கு அந்த வாதத்தைவிட, உறைபனி விழுமா, உருளைக்கிழங்கு என்ன விலை என்பதே முக்கியமாக இருந்தது.

விலை சொல்ல ஒரு தனி நிலையம்

மாடிசன் மாநிலத்தின் தெற்கே உள்ளது. நடுப்பகுதி விவசாயிகளுக்காக மாநிலச் சந்தைத் துறை தானே ஒரு நிலையத்தை அமைத்தது. அது 1924-ல் உருளைக்கிழங்கு விளையும் பகுதியான ஸ்டீவன்ஸ் பாயிண்ட் என்ற ஊருக்கு மாற்றப்பட்டு டபிள்யூ.எல்.பி.எல். எனப் பெயர் பெற்றது. சந்தை நிலவரம் சொல்வதே அதன் முதல் வேலை. வாங்க வருகிறவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு தகவல் இல்லாதிருந்த விவசாயி, விலையைக் கேட்டுவிட்டு, இன்று விற்பதா, பொறுப்பதா என்று முடிவெடுக்க வழி பிறந்தது. பின்னர் 1930-களில் இந்த நிலையமும் மாடிசன் நிலையமும் தொலைபேசிக் கம்பி வழியாக இணைந்து ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பின.

1929-ல் டெர்ரி காலமானார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர்களில் ஹரால்டு மெக்கார்ட்டி முக்கியமானவர். 1931-ல் கிராமப் பள்ளிகளுக்காக வானொலிப் பள்ளி தொடங்கியது. 4-எச் இளைஞர் மன்றப் பணியாளரான வேக்லின் மெக்நீல், 'ரேஞ்சர் மாக்' என்ற பெயரில் காடு, மண், பறவைகள் பற்றி 1933 முதல் 1954 வரை பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார். அலைன் ஹசார்டு 1933 முதல் 1965 வரை இல்லத்தரசியர் நிகழ்ச்சியை நடத்தினார். நண்பகல் உணவு வேளையில் விவசாய நிகழ்ச்சி. வேலையை விட்டு விவசாயி வீட்டுக்கு வரும் நேரம் அது என்பதை அறிந்து வைத்த நேரம்.

பொழுது சாய்ந்தால் நிறுத்த வேண்டும்

ஆனால் ஒரு பெருங்குறை இருந்தது. மத்திய அலை இரவில் வெகு தூரம் பரவி, பிற ஊர் நிலையங்களோடு கலந்துவிடும். ஆகவே டபிள்யூ.எச்.ஏ.வுக்குப் பகலில் மட்டுமே ஒலிபரப்ப அனுமதி. டிசம்பரில் மாடிசனில் மாலை நாலரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மாட்டுக் கொட்டகை வேலையை முடித்து, பனிக்கால இரவில் விவசாயி ஓய்வாக உட்காரும் நேரத்தில் அவருடைய பல்கலைக்கழக வானொலி மௌனமாகிவிடும். வணிக நிலையங்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

இதற்கு விடை பண்பலை. பண்பலை அலை நேர்கோட்டில் செல்வதால் வெகு தூரம் போகாது. எனவே இரவிலும் ஒலிபரப்பலாம். மின்னல், மின்மோட்டார் இரைச்சலும் குறைவு. ஆனால் ஒரு கோபுரம் போதாது. மாநிலமெங்கும் உயரமான இடங்களில் பல கோபுரங்கள் வேண்டும். 1945-ல் சட்டமன்றம் மாநில வானொலிக் குழுவை அமைத்தது. 1947-ல் மாடிசனில் முதல் பண்பலை நிலையம் வந்தது. டெலஃபீல்டு, சில்ட்டன், ரிப் மலை, கோல்ஃபாக்ஸ், வெஸ்ட் சேலம், ஹைலண்டு, புரூல் என்று 1952-க்குள் எட்டு நிலையங்கள் எழுந்தன. ஒரு நிலையத்தின் ஒலியை அடுத்த நிலையம் காற்றிலேயே வாங்கி மறு ஒலிபரப்புச் செய்தது. தொலைபேசிக் கம்பிக்கு வாடகை தரும் செலவு மிச்சம். அக்காலத்தில் பண்பலைக் கருவி வைத்திருந்த வீடுகள் குறைவு. கேட்பவர் பெருகிய பிறகு கட்டலாம் என்று மாநிலம் காத்திருக்கவில்லை. வாய்க்காலை வெட்டிவிட்டுத் தண்ணீர் விட்டதைப் போன்ற செயல் அது.

1971-ல் வானொலிக் குழுவின் பொறுப்பு கல்வித் தொடர்பு வாரியத்துக்குச் சென்றது. இன்று அந்த வாரியமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து விஸ்கான்சின் பொது வானொலி என்ற பெயரில் நிலையங்களை நடத்துகின்றன.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டின் வேளாண் பல்கலைக்கழகங்கள், கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றையும் ஒன்றாக நடத்தும் அமெரிக்க முறையைப் பார்த்து அமைக்கப்பட்டவை. அந்த முறையைச் சேர்ந்ததே விஸ்கான்சின் பல்கலைக்கழகமும். வானொலியின் வலிமை நம் விவசாயிகளுக்கும் தெரியும். 1960-களில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்கு 'வானொலி நெல்' என்றே பெயர் வழங்கியது.

இன்று விலையும் வானிலையும் கைப்பேசியில் வருகின்றன. கருவி மாறினாலும் விஸ்கான்சின் காட்டிய மூன்று அடையாளங்கள் மாறவில்லை. செய்தி விவசாயி ஓய்வாக இருக்கும் நேரத்தில் வர வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் வர வேண்டும். விற்க எதுவும் இல்லாத ஒருவரிடமிருந்து வர வேண்டும். விதை, உரம், மருந்து பற்றி யார் எதைச் சொன்னாலும், சொல்பவருக்கு அதில் ஆதாயம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. சந்தைக்குப் புறப்படும் முன் இரண்டு மூன்று சந்தைகளின் விலையை விசாரித்துக் கொள்வதும் நல்லது. வண்டி ஏறிய பிறகு தெரியும் விலையால் விவசாயிக்குப் பயன் குறைவே.