கிணற்றில் பெட்ரோல் வாடை வந்தால்...

கோபாலபுரத்தில் என் மாடித்தோட்டத்துக்கு போர்வெல் தண்ணிதான் ஆதாரம். அதனாலேயே, 2013-ல் வடசென்னை தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்த செய்தி எனக்கு மறக்கவில்லை.

எண்ணெய் தண்ணீர் மேல் மிதக்கும், ஒரு பகுதியை அள்ளிவிடலாம். ஆனால் பல நாடுகளில் பெட்ரோலோடு சேர்க்கப்பட்ட எம்.டி.பி.இ. என்ற ரசாயனம் தண்ணீரில் கரையும், மண்ணில் ஒட்டாது, நீரோட்டத்தோடு வெகுதூரம் போகும். 1996-ல் அமெரிக்காவின் சான்டா மோனிகா நகரம் இதனால் கிணறுகளை மூடி, குடிநீரில் பாதியை இழந்தது.

இதற்கு வழி உண்டு. முதலில் கசிவை அடைக்கணும். பிறகு நீரை இறைத்து, கோபுரத்தின் மேலிருந்து ஒழுகவிட்டு, கீழிருந்து காற்றைச் செலுத்துவார்கள். மிச்சத்தைக் கரி வடிகட்டி பிடிக்கும். சில மண் நுண்ணுயிர்களும் இதைத் தின்னும். அவற்றுக்குப் பிராணவாயு வேணும், காலமும் வேணும். அதுக்காகக் கிணற்றில் ஜீவாமிர்தம் ஊற்றிடாதீங்க! அது இருக்கிற பிராணவாயுவையும் தீர்த்துவிடும்.

வாடை தெரிந்தால் குடிக்காதீங்க, பயிருக்குப் பாய்ச்சாதீங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிக் கொடுங்க. எரிபொருள் கேனையும் ஆயில் இன்ஜினையும் கிணற்றடியிலிருந்து இன்றைக்கே தள்ளி வையுங்க. சுத்தம் செய்ய வருஷக்கணக்காகும். காப்பாற்ற ஒரு நாள் போதும்.