கண்ணுக்குள்ளே ஒரு வண்ணத்துப்பூச்சி!

கண்ணாடி இறக்கை உள்ள வண்ணத்துப்பூச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தென் அமெரிக்கக் காடுகளில் இருக்கிறது. 'கோரினியா ஃபானஸ்' என்று அதற்கு விஞ்ஞானப் பெயர். நம்ம ஊர்ப் பட்டாம்பூச்சியின் இறக்கையைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டுமல்லவா? அந்தப் பொடியில்தான் நிறமே இருக்கிறது. இந்தப் பூச்சிக்கோ இறக்கையின் பெரும்பகுதியில் நிறமே கிடையாது. கறுப்பு நரம்புகளுக்கு நடுவே ஜன்னல் கண்ணாடி பதித்த மாதிரி இருக்கும். இறக்கை வழியாகவே பின்னால் இருக்கிற இலை தெரியும்!

இதில் என்ன அதிசயம், கண்ணாடியும் அப்படித்தானே என்கிறீர்களா? பஸ் ஜன்னல் கண்ணாடியை நேராகப் பாருங்கள், வெளியே தெரியும். சாய்வாகப் பாருங்கள், வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், உங்கள் முகமே தெரியும். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்து விஞ்ஞானிகள் 2015இல் இதே போன்ற வேறொரு கண்ணாடி இறக்கைப் பூச்சியை எடுத்து அளந்து பார்த்தார்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அந்த இறக்கை திருப்பி அனுப்புகிற வெளிச்சம் 100க்கு 2 முதல் 5 பங்குதான். சாதாரணக் கண்ணாடியோ 8 பங்கில் ஆரம்பித்து, சாயச் சாய ஏறிக்கொண்டே போகும்.

காரணம், இறக்கை முழுக்க நெருக்கமாக நிற்கும் குட்டிக் குட்டித் தூண்கள். கோரினியாவில் ஒவ்வொரு தூணும் சுமார் 100 நானோமீட்டர் குறுக்களவு. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.) ஒரு தலைமுடியின் குறுக்கே இப்படி 800 தூண்களைத் தோளோடு தோள் ஒட்டி நிறுத்திவிடலாம். ஒளியின் அலைநீளத்தைவிடச் சின்னவை என்பதால், காற்று எங்கே முடிகிறது, இறக்கை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒளிக்கே பிடிபடுவதில்லை. வாசற்படி இருந்தால்தானே கால் இடறும்? சரிவாக மண் கொட்டிவிட்டால் வண்டி கூட ஏறிப் போய்விடும். ஒளியும் அப்படித்தான் தட்டாமல் உள்ளே போய்விடுகிறது.

சாயமே இல்லாமல் வெறும் அமைப்பை வைத்து ஒளியை ஆட்டிவைப்பது இயற்கைக்குப் பழைய வித்தை. மயில் தோகையின் நீலமும் பச்சையும் அந்த ரகம்தான். திருச்சியில் பிறந்த நம்முடைய சர் சி.வி. ராமன் பனங்காடைப் பறவையின் இறகு நிறத்தை ஆராய்ந்து 1934இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்.

அது சரி, வைத்தியர் எதற்காகப் பூச்சி, பறவை என்று அளந்துகொண்டிருக்கிறார்? காரணம் இருக்கிறது. இந்த இறக்கையைப் பார்த்துக் கண்ணுக்குள் வைக்கும் ஒரு கருவியைச் செய்திருக்கிறார்கள். எந்த நோய்க்காக என்று சொன்னால் உங்களுக்கே அக்கறை வரும்.

வலிக்காத நோய்

கண் நீர் அழுத்த நோய். 'க்ளாக்கோமா' என்பார்கள் டாக்டர்கள். 'கண் பிரஷர்' என்றால் எல்லோருக்கும் புரியும். நம் கருவிழிக்குப் பின்னால் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்து, ஒரு சல்லடை வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சுரப்பதைச் சேர்த்தாலும் ஒரு டீஸ்பூன் தேறாது. ஆனால் வடிகால் அடைத்துக்கொண்டால் அந்தத் துளி நீரே வினையாகி, பார்வை நரம்பை நசுக்கிவிடும். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் (பாதரச மில்லிமீட்டர் கணக்கு) ஏறிக்கொண்டே போகும். சிலருக்கு 21க்குள் இருக்கும்போதே நரம்பு கெடுவதும் உண்டு.

பொதுவாகக் காணும் வகையில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. ஓரப்பார்வைதான் முதலில் போகும். நேரே இருப்பது நன்றாகத் தெரிவதால் மனுஷனுக்குச் சந்தேகமே வராது. பேப்பர் படிப்பார், டி.வி. பார்ப்பார். மாடிப்படியில் பக்கத்தில் வருகிறவர் மேல் இடித்துக்கொள்ளும்போதுதான் தெரியும். போன பார்வை திரும்பாது. தென் தமிழ்நாட்டு மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் நடத்தி 2003இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், இந்த நோய் இருந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு, அது தமக்கு இருக்கிறது என்பதே அதுவரை தெரியாது!

என்னிடம் வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மூட்டு வலிக்கு மருந்து கேட்டு வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார்: "கண்ணுக்கு டெய்லி ஒரு சொட்டு மருந்து விடச் சொன்னாங்க. விட்டாலும் ஒண்ணும் தெரியலை, விடாட்டியும் ஒண்ணும் தெரியலை. அதான் நிறுத்திட்டேன். உங்க வைத்தியத்துல தைலம் ஏதாச்சும் கொடுங்களேன்." நான் மூட்டு வலியை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி, அன்றைக்கே அவரைக் கண் டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். விடாவிட்டாலும் ஒன்றும் தெரியாது என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சியே.

எங்கள் சித்த மருத்துவத்தில் கண் நோய்கள் 96 என்று வகுத்திருக்கிறார்கள். எண்வகைத் தேர்வில் நாடி, நாக்கு இவற்றோடு விழியும் ஒன்று. விழியைப் பார்த்துப் பித்தம், காமாலை எல்லாம் சொல்லலாம். உள்ளே இருக்கிற அழுத்தம் 18ஆ, 28ஆ என்று எந்த வைத்தியரும் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குக் கருவிதான் வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் மத்தளம்

கருவி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கண்ணை மரக்கப் பண்ணி, நீல வெளிச்சத்தில் கருவிழியைத் தொட்டு அளப்பார்கள். அல்லது 'புஸ்'ஸென்று காற்றை ஊதி அளப்பார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தரம், அதுவும் காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் போதுமா? கண் அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கும். படுத்திருக்கும்போது கூடும். நடு ராத்திரியில் ஏறி, விடிந்ததும் இறங்கிவிடுகிற அழுத்தத்தை எந்த ஓ.பி.யில் பிடிப்பது?

அமெரிக்காவின் கால்டெக் என்னும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹ்யூக் சூ என்ற பேராசிரியரின் குழு கையில் எடுத்த பிரச்சினை இதுதான். கண்ணுக்குள் வைக்க ஒரு மில்லிமீட்டர் அளவில் மத்தளம் போல ஒரு சாதனம் செய்தார்கள். மேலே மெல்லிய தோல், உள்ளே ஒரு சின்ன அறை. கண் அழுத்தம் கூடினால் தோல் உள்வாங்கும், அறையின் ஆழம் குறையும். வெளியிலிருந்து வெளிச்சம் அடித்தால், திரும்பி வரும் ஒளியில் எந்த நிறம் தூக்கலாக இருக்கிறது என்பது அந்த ஆழத்துக்கு ஏற்ப மாறும். மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் படலத்தின் கனத்துக்கு ஏற்ப நிறம் நிறமாகத் தெரிகிறதே, அதே கணக்கு. கையடக்கமான ஒரு கருவியால் அந்த நிறத்தைப் படித்தால் அழுத்தம் தெரிந்துவிடும். பாட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம்.

ஆனால் இரண்டு தொல்லைகள். படிக்கும் கருவியை நேர்க் குத்தாகப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் தப்புக் கணக்கு காட்டும். கை நடுங்குகிற தாத்தாவால் முடிகிற காரியமா? இரண்டாவது, உடம்புக்குள் எந்தப் புதுப் பொருளை வைத்தாலும் செல்களும் புரதமும் பாசி மாதிரி படிந்துவிடும். அப்புறம் வெளிச்சம் எப்படி உள்ளே போகும்?

இங்கேதான் வண்ணத்துப்பூச்சி வந்தது. ஜெர்மனியில் கண்ணாடி இறக்கையை ஆராய்ந்த ராட்வனுல் ஹசன் சித்திக் இந்தக் குழுவில் சேர்ந்தார். அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த விநாயக் நரசிம்மனும் மற்றவர்களும் சேர்ந்து, மத்தளத்தின் தோல் மேல் அந்தத் தூண்களைப் போலவே உண்டாக்கினார்கள். எப்படி என்பது ரசமான சங்கதி. ஒன்றோடொன்று சேராத இரண்டு பிளாஸ்டிக் பொருள்களைக் கலந்து பூசினால், ரசத்தில் எண்ணெய் மிதப்பது போலத் தானாகவே புள்ளி புள்ளியாகப் பிரிந்துவிடும். அந்தப் புள்ளிகளை அச்சாக வைத்தே தூண்கள் வந்துவிட்டன!

கருவியைச் சாய்த்துப் பிடித்தாலும் சரியாகப் படிக்க முடிந்தது. பிழை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இன்னொரு லாபம், தாமரை இலை தண்ணீரை உதறும் அல்லவா? இந்தத் தோல் நேர்மாறாகத் தண்ணீரை இழுத்துப் போர்த்திக்கொண்டது. அந்த நீர்ப் போர்வையைத் தாண்டிச் செல்களால் ஒட்ட முடியவில்லை. படிவது பத்தில் ஒரு பங்காயிற்று. வெள்ளை முயல்களின் கண்ணில் வைத்துப் பார்த்ததில் அழற்சி ஏதும் தெரியவில்லை. 2018 ஏப்ரலில் 'நேச்சர் நானோடெக்னாலஜி' இதழில் இதை வெளியிட்டார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'இயற்கையைப் பார்த்துச் செய்தது' என்றவுடன் மூலிகை மருந்து என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். கிடையாது. சிலிக்கான் நைட்ரைடு என்கிற கடினமான பொருளில் செய்தது. எடுத்துக்கொண்டது இயற்கையின் சூத்திரத்தை மட்டும்தான். அந்த முயல் சோதனையை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போய் "எனக்கும் ஒண்ணு வைங்க" என்று கேட்காதீர்கள். மருந்துக் கடையில் வாங்குகிற சாமான் இல்லை அது. வேறு வழியில் போனவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்துக்காரர்கள் செய்த 'ட்ரிகர்ஃபிஷ்' என்ற கான்டாக்ட் லென்ஸ் 24 மணி நேர ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்கிறது, 2016இல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. அதுகூட ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்டுமே தவிர, இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லாது.

வீட்டில் கவனிக்க...

40 வயதாகிவிட்டால் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதோடு நிறுத்தாமல், அழுத்தமும் பார்வை நரம்பும் சோதிக்கச் சொல்லுங்கள். அண்ணன், அக்காவுக்கு இந்த நோய் இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பது, நாமே கண் பிரஷரை வரவழைப்பது போல. நோய் உள்ளவர்கள் சிரசாசனம் செய்ய வேண்டாம். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது.

தாய்ப்பால், தேன், வெங்காயச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். பொன்னாங்கண்ணிக் கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் அது கண் அழுத்தத்தைக் குறைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

திடீரென்று ஒரு பக்கம் கடும் தலைவலி, வாந்தி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம்... இப்படி வந்தால் "பித்தம்தான்" என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அது வடிகால் ஒரேயடியாக அடைத்துக்கொள்கிற வகையாக இருக்கலாம். ராத்திரியானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

சொட்டு மருந்து விடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து மூக்கு வழியே தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து இருந்தால் ஐந்து நிமிஷம் இடைவெளி விட்டு அடுத்ததை விடுங்கள்.